அப்பாவின் சாக்ஸைக் கழற்ற ஆறு நிமிடம்

நாலாம்மாடி | செவ்வாய், காலை 8.05

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அப்பாவுக்கு 78 வயது. இங்கே சிங்கப்பூரில், கெப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நீரிழிவு அதற்கும் முன்பிருந்தே, இருபது வருடம் இருக்கும். அவரும் நானும் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை, இரவு ஷிப்ட். காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, பசியாறக் கொடுத்து, மாத்திரை போடவைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) தூரமில்லை. எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் நின்றால் அதன் கூரை தெரியும். அப்பா இன்னமும் அதை 'கவர்மென்ட் கிளினிக்' என்றுதான் சொல்வார். மூத்தவர்களுக்குக் கட்டணக் கழிவு தரும் முன்னோடித் தலைமுறை அட்டை இருப்பதால் காசும் பெரிய கவலை இல்லை. ஏழு மாதத்தில் மூன்று முறை கூட்டிப்போனேன். மூன்று முறையும் வேறு வேறு டாக்டர். எல்லாருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்கள், மருந்தின் அளவைக் கூட்டினார்கள், "வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா அங்கிள்?" என்று கேட்டார்கள். அப்பா மூன்று முறையும் "நோ, நோ, ஓகே" என்றார்.

வலது காலில் பிளாஸ்டிக் தாங்கி போட்டிருப்பார். அதற்குமேல் சப்பாத்து, அதற்குள் சாக்ஸ். அதை யாரும் கழற்றவில்லை. போன மாதம் வீட்டில் ஒரு வாடை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையில் புண். மருத்துவமனையில் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

யாரையும் திட்ட நான் வரவில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். அவள் அறைக்கு வெளியே திரையில் இன்னும் எத்தனை எண்கள் காத்திருந்தன என்று நானே பார்த்தேன். அட்டை இருக்கிறது, கட்டணக் கழிவு இருக்கிறது, கட்டடம் கண்ணெதிரே இருக்கிறது. அப்புறம் எது இல்லாமல் போனது? வீட்டுக்கே வந்து பார்க்கும் டாக்டர்கள் உண்டா? நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

பழைய தாதி | செவ்வாய், காலை 9.30

தங்கச்சி, வாசித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 31 வருடம் தாதியாக இருந்தேன், அதில் பாதிக்குமேல் பலதுறை மருந்தகங்களில். உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

நீரிழிவு இருப்பவருக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டு காலையும் திறந்துவைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்து, நைலான் நரம்பு போன்ற ஓர் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்போம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. அப்புறம் பாதத்தின் மேல்புறத்தில் நாடி பிடித்துப் பார்ப்போம். நடந்து வருகிறவர் என்றால் தானே கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாதம் வந்து தாங்கி போட்டவருக்குப் பட்டையை அவிழ்க்க வேண்டும், சப்பாத்தை உருவ வேண்டும், இறுகிப்போன காலை மெதுவாகத் தளர்த்திச் சாக்ஸை இழுக்க வேண்டும். பார்த்து முடித்ததும் அத்தனையும் மறுபடி மாட்ட வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தே செய்திருக்கிறேன். கழற்ற மட்டும் ஆறு நிமிடம். டாக்டரைப் பார்க்கிற நேரமே சில சமயம் அவ்வளவுதான்.

அதனால்தான் பாதப் பரிசோதனையைத் தாதியிடம் தனி அப்பாய்ன்ட்மெண்டாகக் கொடுப்பார்கள். வேறு நாள், வேறு அறை. உங்களைப் போல இரவு வேலை பார்க்கிறவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு நாளும் வர முடியுமா? ஒத்திப்போடுவார்கள். திரும்பத் தேதி கேட்டால் மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும். யாருடைய அலட்சியமும் இல்லாமலே ஒரு கால் இப்படித்தான் கண்ணிலிருந்து தப்புகிறது.

அடுத்த முறை பதிவு செய்யும்போதே "சக்கர நாற்காலி, எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள்" என்று சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

---

பிடோக் சாலை | செவ்வாய், மதியம் 12.15

மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நீரிழிவுக்காரர் காலைத் தினமும் வீட்டில் பார்க்கவேண்டும் என்று எல்லாத் துண்டுப்பிரசுரத்திலும் போட்டிருக்கிறது. 2016-இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து வானொலியிலும் சமூக மன்றத்திலும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குத் தெரியாதது, ஆறு நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் கிடைக்கும் வசதி வேறெங்கே கிடைக்கும்? 2030-க்குள் 32 பலதுறை மருந்தகங்கள் வரப்போகின்றன. எல்லாவற்றுக்கும் ஆள் போதவில்லை என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு என்ன ஆகும்?

---

நாலாம்மாடி | செவ்வாய், மாலை 5.50

அண்ணே, நீங்கள் கேட்டதை நானே என்னை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா என்னைக் காலைத் தொடவிட மாட்டார். "பொம்பளப் பிள்ளை, என் காலைப் பிடிக்கக்கூடாது" என்பார். குளிப்பாட்டும்போதும் முழங்காலுக்குக் கீழே அவரேதான் இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். சாக்ஸ் போடுவதை மட்டும் அரை மணி நேரம் ஆனாலும் அவரே செய்வார். அது ஒன்றுதான் தன்னால் முடிகிறது என்று அவருக்கு. நானும் விட்டுவிட்டேன். உணர்ச்சியில்லாத கால், அதனால் வலிக்கவும் இல்லை.

டாக்டர் சொல்லியிருந்தால் காட்டியிருப்பார். அப்பா காலத்து ஆட்களுக்கு டாக்டர் சொன்னால் அது வேறு. அதற்காகத்தானே கூட்டிப்போனேன்.

---

இருசக்கரம் | செவ்வாய், இரவு 8.20

பிடோக் சாலை, என் பக்கத்தையும் கேளுங்கள். எனக்கு 56 வயது. கட்டுமானத் தளத்தில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு 19 வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறேன். எனக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை.

கடந்த ஐந்து வருடத்தில் என்னை யாரும் எடை பார்க்கவில்லை. எடைக்கருவி நிற்கிறவர்களுக்கானது. "எவ்வளவு இருப்பீர்கள்?" என்று கேட்பார்கள், நான் ஒரு எண்ணைச் சொல்வேன், அவர்களும் எழுதிக்கொள்வார்கள். பரிசோதனைக் கட்டில் என் இடுப்புக்கு மேலே இருக்கும். என்னைத் தூக்கி அதில் கிடத்த இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் வேறு அறைகளில் வேலையாக இருப்பார்கள். ஆக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சட்டைக்கு மேலே ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து அனுப்புவார்கள். என் முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் வந்ததை நான் கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

டாக்டர் பற்றாக்குறை என்றால் டாக்டரே இல்லாத கிராமம்தான் எல்லார் நினைவுக்கும் வரும். இங்கே டாக்டர் இருக்கிறார். நடந்து வருகிறவருக்குப் போதுமான அளவு இருக்கிறார். என் உடம்புக்கு அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு நேரமும் இரண்டு மடங்கு ஆளும் வேண்டும். ஆள் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டாவது மடங்குதான். நோயாளிகள் எல்லாருக்கும் சமமாகப் பத்து நிமிடம் கொடுத்தாலும் எனக்குக் கிடைப்பது பாதிதான்.

இன்னொன்று. போய்வரும் வழி. துணையாளோடு வண்டி அனுப்பும் சேவை இருக்கிறது, குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டணத்தில் கழிவும் உண்டு. ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது?

---

வட்டார வைத்தியர் | புதன், அதிகாலை 12.45

இப்போதுதான் கிளினிக்கின் கணக்கை முடித்தேன். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழே சொந்தமாகச் சிறிய கிளினிக் நடத்துகிறேன். இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை.

முதலில் நாலாம்மாடிக்கு. அம்மா, உங்கள் மீது தவறு இல்லை. நீரிழிவு என்றால் கால் என்று மருத்துவக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் அது தெரியும், அந்தச் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். கதவுக்கு வெளியே இருபது பேர் இருக்கும்போது, தெரிந்ததையெல்லாம் செய்ய முடியாது. "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும்போதே என் கை அடுத்தவரின் பெயரைத் திறந்துகொண்டிருக்கும். நோயாளிகளுக்கு அது புரிந்துவிடுகிறது. "ஒன்றுமில்லை டாக்டர்" என்பார்கள். அந்த 'ஒன்றுமில்லை'யை நம்பி நான் வீட்டுக்குப் போன இரவுகளை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் அடிப்படை மருத்துவத்துக்கு வருகிறவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் எங்களைப் போன்ற தனியார் கிளினிக்குகளுக்குத்தான் வருகிறார்கள். பலதுறை மருந்தகங்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நாள்பட்ட நோய்க்காரர்களில் அவர்கள் சுமக்கும் பங்கு அதைவிட மிக அதிகம். முதியவரும் வசதி குறைந்தவரும் அங்கேதான் சேர்கிறார்கள், மருந்து மலிவு என்பதால். கடினமான நோயாளிகள் ஓரிடத்திலும் சளிக் காய்ச்சல் இன்னோரிடத்திலும் குவிந்திருக்கின்றன.

அதைச் சரிசெய்யத்தான் 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி வந்தது. 40 வயது நிரம்பியவர் ஒரு குறிப்பிட்ட குடும்ப டாக்டரிடம் பதிந்துகொண்டு அவரையே தொடர்ந்து பார்ப்பது. அரசாங்கம் எங்களுக்கு ஆண்டுக்கட்டணமும் தருகிறது. பத்து லட்சம் பேருக்குமேல் பதிந்துவிட்டார்கள். முன்னோடித் தலைமுறையினருக்கும், அவர்களுக்கு அடுத்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும், குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கான சாஸ் நீலம், ஆரஞ்சு அட்டை வைத்திருப்போருக்கும் நாள்பட்ட நோய் மருந்துகளில் பலவற்றின் விலையை ஏறக்குறையப் பலதுறை மருந்தக அளவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஒரே முகத்தைப் பத்து வருடம் பார்த்தால், அவர் சொல்லாததும் தெரியும். உங்கள் அப்பா மூன்றாவது முறையும் என்னிடமே வந்திருந்தால், 'இவர் காலை நான் இன்னும் பார்க்கவில்லையே' என்ற உறுத்தலாவது எனக்கு இருந்திருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டால், என் கிளினிக்கில் டாக்டர் நான் ஒருவன்தான். ஒரு வீட்டுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். அதுவரை கதவைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாற்று டாக்டருக்கு மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். வாடகை நின்று காத்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் வரை மாதம் நான்கு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் உதவியாளர் வேலையைவிட்டுப் போனார், அதே சம்பளத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அந்த நால்வரில் ஒருவரைப் பற்றி அப்புறம் எனக்குத் தகவலே இல்லை. அது என்னை இன்னும் குடைகிறது.

---

தேக்கா கிளி | புதன், காலை 10.10

டாக்டர், இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

என் பாட்டி திருவாரூர்ப் பக்கம் இருக்கிறார். அங்கே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை ஊர்க்காரப் பெண் ஒருவரே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து கொடுத்து, பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரவும் ஆள் வருகிறார். 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதுகூட அதற்குக் கிடைத்தது. எங்கள் பாட்டிக்கு அந்தப் பெண் யார் வீட்டு மருமகள் என்பது வரை தெரியும். "கொலுசு போட்ட இடத்துல என்ன பாட்டி கருப்பா இருக்கு?" என்று கேட்டவர் அவர்தான்.

இங்கே நமக்கு ஏன் அது முடியாது? டாக்டர் வராவிட்டால் போகட்டும், கண்ணுள்ள ஒருவர் வந்தால் போதாதா?

---

பழைய தாதி | புதன், காலை 11.05

கிளி, நல்ல கேள்வி. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே. மாத்திரை இங்கேயும் வீட்டுக்கு வருகிறது. பலதுறை மருந்தகத்தில் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். நிலையாக இருப்பவர்களுக்குக் காணொளியில் டாக்டரையும் பார்க்கலாம். அதில்தான் எனக்குக் கவலை. மாத்திரை பொட்டலமாக வாசலுக்கு வந்துவிடுகிறது, டாக்டர் கைப்பேசித் திரையில் வந்துவிடுகிறார், கடைசியில் அந்தக் காலைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கூட்டத்தைக் குறைக்கக் கொண்டுவந்த வசதி, வீட்டோடு கிடப்பவரை இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடக்கூடாது. காணொளியில் சாக்ஸுக்குள்ளே தெரியாது.

உன் பாட்டி ஊரில் இருப்பது பக்கத்துத் தெரு மருமகள். அதுதான் அங்கே பலம். நம்மிடமும் சமூகத் தாதியர் இருக்கிறார்கள், முதியோர் நிலையங்களில் உட்காருகிறார்கள், வீடுகளுக்கும் போகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஒருவருக்கு எத்தனை புளோக் என்பதுதான் கேள்வி.

---

பிடோக் சாலை | புதன், மதியம் 1.40

நேற்று நான் எழுதியதற்கு நாலாம்மாடியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் பதிலைப் படித்தபின் என் அம்மாவின் காலை நேற்றிரவு பார்த்தேன். ஒன்றுமில்லை, ஆனால் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஒரு கேள்வி மட்டும். ஆள் போதவில்லை என்றால் வெளியிலிருந்து டாக்டர்களை எடுக்க வேண்டியதுதானே? தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் படித்துவிட்டு இருக்கிறார்கள். தமிழும் பேசுவார்கள்.

---

வட்டார வைத்தியர் | புதன், இரவு 11.30

எடுக்கிறார்கள். ஆனால் எந்தக் கல்லூரியில் படித்தவர் இங்கே நேரடியாக நிபந்தனைப் பதிவு பெறலாம் என்று ஒரு பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. 2020-இல் அதை 160-இலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி 112 ஆக்கினார்கள். ஆள் தேவை எப்படி ஏறுகிறது என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. தரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியிலிருந்து வருகிற டாக்டர் பெரும்பாலும் மருத்துவமனைக்குத்தான் போகிறார். குடும்ப மருத்துவம் வேறு மாதிரி வேலை. வந்து இரண்டு வருடத்தில் போய்விடுகிற டாக்டரால் நோய்க்கு மருந்து கொடுக்க முடியும். ஒரு குடும்பத்தை அறிந்துகொள்ள அது போதாது.

---

பழைய தாதி | வியாழன், காலை 7.15

தாதியர் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் காலைத் திறந்து பார்க்கிற கை பெரும்பாலும் தாதியின் கைதான். 2021-இல் வெளிநாட்டுத் தாதியரில் 14.8 விழுக்காட்டினர் வேலையைவிட்டுப் போனார்கள். உள்ளூர்த் தாதியரில் 7.4 விழுக்காடு. கொவிட் காலம், வீட்டுக்குப் போக முடியாமல் தவித்த பிள்ளைகள். ஒருபக்கம் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. என்னோடு வேலை பார்த்த தஞ்சாவூர்ப் பெண்கள் மூவர் ஒரே வருடத்தில் போனார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அங்கே விடுகிறார்கள், இங்கே அது எளிதில்லை என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

தாதியர், சிகிச்சையாளர், பராமரிப்பு ஊழியர் எல்லாம் சேர்த்து 58,000 பேராக இருந்ததை 2030-க்குள் 82,000 ஆக்க வேண்டும் என்று அமைச்சர் ஓங் யீ காங் சொன்னார். அதே 2030-இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். நீண்டகாலம் இருக்கும் தாதிக்கு 20 வருடத்தில் ஒரு லட்சம் வெள்ளி (டாலர்) வரை கொடுக்கும் ஏஞ்சல் திட்டத்தையும் 2024-இல் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் பணத்தோடு நேரத்தையும் தர வேண்டும். ஒரு முதியவரின் சாக்ஸைக் கழற்றுகிற ஆறு நிமிடத்தை 'தாமதம்' என்று கணக்கில் எழுதினால், நல்ல தாதி மனம் நொந்து போவாள். நான் போனதற்கு என் முழங்கால் மட்டும் காரணமில்லை.

---

கிளமெண்டி வாசகி | வியாழன், காலை 9.00

யாரும் தொடாத ஒன்று. அப்பா "நோ, நோ, ஓகே" என்றாரே, அது எந்த மொழி? தமிழில் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. டாக்டர் தமிழ் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது, தெரியும். ஆனால் எங்கள் அம்மா ஆங்கிலத்தில் 'பெயின்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொல்வார். மரத்துப்போவது, குடைவது, சுருக்கென்று குத்துவது, விண்விண்ணென்று தெறிப்பது எல்லாம் 'பெயின்'. மரத்துப்போகிறது என்று சொல்லத் தெரியாதவர் 'ஓகே' என்றுதான் சொல்வார். மொழிபெயர்க்கத் துப்புரவு அக்காவைக் கூப்பிட்ட நாள்களும் உண்டு. அவரும் தன் வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

---

நாலாம்மாடி | வியாழன், காலை 9.40

வாசகி, இப்போதுதான் நினைவு வருகிறது. வீட்டில் அப்பா ஒருமுறை "கால் பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். நான் அது பக்கவாதத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

---

புளோக் 9 தம்பி | வியாழன், மாலை 6.30

அக்கா, நான் சமூக சேவையில் வேலை பார்க்கிறேன். உடனே செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் மெடிக்கல் சோஷியல் வொர்க்கரை இப்போதே பார்த்துவிடுங்கள், அப்பா டிஸ்சார்ஜ் ஆகும் முன். வெளியே வந்தபின் தனியாகக் கேட்டால் அதே வேலைக்கு நீண்ட நாள் ஆகும். வீட்டு மருத்துவம், வீட்டுத் தாதிமை என்று இரண்டும் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக ஏற்பாடு செய்வார்கள். வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் கழிவு கொடுப்பார்கள். மீதியும் கட்ட முடியாவிட்டால் மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதியைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம், அது அதற்காகத்தான் 1993-லிருந்து இருக்கிறது. பராமரிப்பாளர் மானியத்தை 2023 மார்ச்சில் மாதம் 400 வெள்ளி வரை உயர்த்தினார்கள். அப்பாவுக்கு அன்றாடக் காரியங்களில் உதவி தேவைப்படுகிறது என்று மதிப்பீடு செய்தால் கிடைக்கும். அந்த மதிப்பீட்டுக்கும் ஒருவர் வர வேண்டும், அதனால் இன்றே கேளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விண்ணப்பம் எழுத நான் உதவ முடியும், அங்கீகாரமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கப்புறம் 'உங்கள் வட்டாரத்தில் இப்போது இடமில்லை, காத்திருங்கள்' என்று பதில் வந்தால், அதை அந்த வீட்டில் போய்ச் சொல்வதும் நான்தான்.

---

இருசக்கரம் | வியாழன், இரவு 7.10

தம்பி சொன்னது உண்மை. எனக்கு வீட்டுத் தாதி வர ஏழு வாரம் ஆனது. வந்தபின் புண் ஆறியது. அந்தத் தாதி என்னைப் புரட்டிப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். புது மருந்து எதுவும் இல்லை.

நாலாம்மாடி, அப்பாவுக்கு ஒரு நீண்ட கைப்பிடிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பாதத்துக்கடியில் அவரே பார்த்துக்கொள்ளலாம். மகளிடம் காட்டக் கூச்சம் என்றால், தானே பார்க்கட்டும். சாக்ஸ் அவரே போடுகிறார் என்றால், பார்ப்பதும் அவர் வேலையாகவே இருக்கட்டும்.

---

நாலாம்மாடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.20

எல்லாருக்கும் சொல்ல வந்தேன். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

தம்பி சொன்னபடி மருத்துவமனையிலேயே கேட்டேன். கட்டு மாற்ற வாரம் மூன்று நாள் வீட்டுத் தாதி வருகிறார். திருச்சிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் அப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "தாத்தா, எங்க ஐயாவும் இப்படித்தான், காலக் குடுக்கவே மாட்டாரு" என்றாள். என்ன நினைத்தாரோ, நீட்டிவிட்டார். "மரத்துப்போச்சும்மா, ரெண்டு வருஷமா" என்றார். எனக்கு இது எதுவும் தெரியாது.

டாக்டர், நீங்கள் சொன்னது போல எங்கள் புளோக்கிற்கு அடுத்த புளோக்கில் உள்ள கிளினிக்கில் ஹெல்தியர் எஸ்ஜியில் அப்பாவைப் பதிந்துவிட்டேன். முதல் முறை போனபோது நானே தாங்கியையும் சாக்ஸையும் கழற்றிவைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் கால்களைப் பார்த்தார். இடது காலையும் பார்த்தார்.

கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், இருசக்கரம் அண்ணே. தினமும் மாலையில் பார்க்கிறார். பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாதிப் பெண் கட்டு மாற்றிவிட்டு, அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது, கணவனும் குழந்தையும் கூடவே போகலாம் என்றாள். அப்பா அவளுக்கு ஐம்பது வெள்ளி கொடுக்கப் பார்த்தார். வாங்க மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதில் யார் வருவார் என்று அலுவலகத்தில் கேட்டேன். இன்னும் ஆள் முடிவாகவில்லையாம்.

---

பழைய தாதி | ஞாயிறு, காலை 11.00

தங்கச்சி, நீங்கள் எந்த வட்டாரம்? தனிச்செய்தியில் சொல்லுங்கள். புது ஆள் வரும்வரை வாரத்தில் ஒரு நாள் நான் வந்து அப்பாவின் காலைப் பார்க்கிறேன். கட்டு மாற்றும் வேலையை அவர்கள்தான் செய்ய வேண்டும், பார்க்க மட்டும் வருகிறேன். லிஃப்ட் நாலாம் மாடியில் நிற்குமல்லவா?